விற்ற கேமராவும் வராத பில்லும்

மார்ச் பிறந்தால் என் மேசைக்குத் தவறாமல் வரும் கேள்விகள் இரண்டு. "தொழிலுக்கு வைத்திருந்த பழைய சாமானை விற்றேன், காட்டணுமா?" "வேலை செய்து கொடுத்தேன், பணம் வரவில்லை. கழித்துக்கொள்ளலாமா?" அமெரிக்காவில் ஷெட்யூல் சி (சுயதொழில் வரவு செலவைக் காட்டும் வரிப் படிவம்) போடும் சுயதொழில்காரர்கள் முதலாவதற்கு "வேண்டாம்", இரண்டாவதற்கு "கழிக்கலாம்" என்று பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள். பெரும்பாலும் இரண்டுமே தப்பு.

ஒரு வீடியோகிராபர் 4,000 டாலருக்கு வாங்கிய கேமராவை மூன்று வருஷம் கழித்து 1,500-க்கு விற்றார். "2,500 நஷ்டம் சார், இதில் காட்ட என்ன இருக்கிறது?" என்றார். பழைய ரிட்டர்னைப் பார்த்தேன். வாங்கிய வருஷமே, கருவியின் முழு விலையையும் ஒரே தடவையில் கழிக்கவிடும் வரிச் சட்டப் பிரிவு 179-ன் கீழ் 4,000-ஐயும் செலவாகக் கழித்திருந்தார். வரிக்கணக்கில் அந்தக் கேமராவின் அடக்கம், அதாவது இன்னும் கழிக்காமல் மிச்சமிருக்கும் விலை, அன்றைக்கே பூஜ்யம். ஆக, 1,500-ம் லாபம்தான்.

சரி என்று ஒத்துக்கொண்டவர், அதை ஷெட்யூல் சி-யில் 'மற்ற வருமானம்' கட்டத்தில் போடப் போனார். அங்கே போட்டால் அதற்கும் வருமான வரியோடு சுயதொழில் வரி (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்கான வரி) விழும். 1,500-ல் 92.35 சதவீதம், அதில் 15.3 சதவீதம், சுமார் 212 டாலர். இது கட்ட வேண்டாத பணம். தொழில் சொத்தை விற்ற கணக்கு படிவம் 4797-க்குப் போக வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த, தேய்மானம் எடுத்த (பிரிவு 179-ல் கழித்ததும் இதில் சேரும்) கருவி என்றால் அதன் மூன்றாம் பகுதி. எடுத்த தேய்மான அளவுக்கு வரும் லாபத்துக்குச் சாதாரண விகிதத்தில் வருமான வரி உண்டு. சுயதொழில் வரி கிடையாது.

"நான் தேய்மானமே எடுக்கவில்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. எடுத்திருக்கக்கூடிய தேய்மானத்தையும் எடுத்ததாகவே வைத்து ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அடக்கத்தைக் குறைத்துவிடும். கழிக்காமல் விட்டவர்களுக்குப் படிவம் 3115 என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது நீங்களாக உட்கார்ந்து நிரப்பும் சமாச்சாரம் இல்லை.

காரில்தான் பலர் வழுக்குவது. ஓட்டிய மைலுக்கு இவ்வளவு என்று கார் செலவைக் கழிப்பவர்கள் தேய்மானம் எடுத்ததாகவே நினைப்பதில்லை. அந்த மைல் விகிதத்துக்குள்ளேயே தேய்மானம் ஒளிந்திருக்கிறது: 2023-ல் மைலுக்கு 28 சென்ட், 2024-ல் 30 சென்ட். இரண்டு வருஷமும் தொழிலுக்காகத் தலா 10,000 மைல் ஓட்டியிருந்தால் அடக்கத்தில் 5,800 டாலர் போய்விட்டது. டீலரிடம் பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுத்தால் வரி தள்ளிப்போகும் என்பதும் 2018-லிருந்து இல்லை. அதுவும் விற்பனைதான்.

அடுத்து வாராக் கடன். ஒரு வெப் டிசைனருக்கு 6,000 டாலர் பாக்கி வைத்துவிட்டு வாடிக்கையாளர் காணாமல் போனார்.

"அந்த 6,000-ஐ வருமானமாகக் காட்டினீர்களா?"

"பணமே வரலையே, எப்படிக் காட்டுவது?"

"அப்போ கழிக்கவும் முடியாது."

அவருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் பணம் கைக்கு வரும்போது மட்டும் வருமானம் எழுதுகிறவருக்கு, வராத பில் ஏற்கெனவே வரிக்கு வெளியேதான் இருக்கிறது. மறுபடி கழித்தால் இரட்டைச் சலுகையாகிவிடும். பில் போட்ட அன்றே வருமானம் எழுதுகிறவர்தான் ஷெட்யூல் சி-யில் வாராக் கடனாகக் கழிக்கலாம். இங்கே ஒன்றைச் சரிபாருங்கள். கணக்கு மென்பொருளில் அறிக்கையைத் தவறான முறையில் எடுத்தால், வராத பில்லும் வருமானத்தில் சேர்ந்துவிடும். அந்த டிசைனருக்கு முந்தைய வருஷம் அப்படித்தான் ஆகியிருந்தது. வராத இன்னொரு பில்லுக்கு வரி கட்டியிருந்தார். திருத்திய ரிட்டர்ன் போட்டோம்.

கையிலிருந்து கொடுத்த கடன் வேறு. சப்ளையரைக் கைதூக்கிவிடத் தொழில் நோக்கத்தோடு கொடுத்த கடன் வராமல் போனால் அது தொழில் வாராக் கடன்; ஒரு பகுதி மட்டும் தேறாது என்றாலும் அந்தப் பகுதியைக் கழிக்கலாம். முதன்மையான நோக்கம் தொழிலாக இருக்க வேண்டும் என்று 1972-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பருக்குக் கொடுத்தது அந்தக் கணக்கில் வராது. அது முழுசாகத் தேறாமல் போக வேண்டும், படிவம் 8949-ல் குறுகிய கால மூலதன நஷ்டமாகப் போகும். மற்ற மூலதன லாபம் இல்லாவிட்டால் வருஷத்துக்கு 3,000 டாலர்தான் கழியும், மிச்சம் அடுத்த வருஷத்துக்கு.

அதற்கும் கடன் என்று நிரூபிக்க வேண்டும். ஒருவர் என்னிடம் காட்டிய ஒரே சான்று வாட்ஸ்அப் செய்தி: "அவசரமில்ல மச்சான், எப்ப முடியுதோ அப்ப குடு." நம் ஊர் மரியாதை அது. வரி அதிகாரி கண்ணுக்கு அன்பளிப்பு. தவணைத் தேதியோடு ஒரு தாள், கேட்டு எழுதிய கடிதங்கள், நண்பர் திவாலான நோட்டீஸ் இவை இருந்திருந்தால் வழக்குக்கூடப் போட வேண்டியதில்லை. முழுசாகத் தேறாமல் போன வருஷத்தை விட்டுவிட்டீர்கள் என்றாலும், அந்த வருஷ ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 7 வருஷம் வரை திருத்திக் கேட்கலாம். அவர் இப்போது பழைய மின்னஞ்சல்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.