புதுப் பிரேக் பேட்டும் பெண்டாகாத டிஸ்க்கும்

விலை கூடிய 'பெர்ஃபாமன்ஸ்' பிரேக் பேட் போட்ட கார்கள் சில வாரங்களிலேயே என் பணிமனைக்கு வருகின்றன. (பிரேக்கை மிதித்ததும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இருபுறமும் இறுக்கிப் பிடிப்பதுதான் பேட்.) நல்ல வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதாம். "டிஸ்க் பெண்டாகிவிட்டது அண்ணாச்சி, மாற்றிவிடுங்கள்" என்று நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்றி, கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் டிஸ்க்கில் கோணல் இருப்பதில்லை. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் சங்கதி தெரியும்: டிஸ்க்கின் முகத்தில், பேட்டின் அளவிலேயே கருநீலத் திட்டு ஒன்று அச்சுக் குத்தியதுபோல் படிந்திருக்கும்.

புதுப் பேட்டில் உள்ள பிசின் முதன்முறை நன்றாகச் சூடாகும்போது வாயுவை வெளியிடும். அப்போது பெடல் கெட்டியாக இருக்கும். வண்டி மட்டும் நிற்க மறுக்கும். அந்தக் கட்டம் தாண்டியபின், பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படிகிறது. பிடிமானத்தில் பெரும்பங்கு அந்தப் படலத்துக்கு உண்டு. அது சீராகப் படிந்தால் டிஸ்க் முழுக்க ஒரே சாம்பல் நிறம். புதுப் பேட்டோடு கீரிப்பாறைப் பக்கம் மலையேறி, இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே இறங்கி, கீழே டீக்கடை வாசலில் மிதித்த காலை எடுக்காமல் நிறுத்தினால், சூட்டில் பேட் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது ஸ்டியரிங் அதிரும்.

அந்தப் படலம் சீராகப் படியும்படி புதுப் பேட்டை செட் செய்வதற்குப் பேட் கம்பெனி தரும் தாளில் உள்ள முறையே முதலில். தாள் இல்லாவிட்டால் நான் செய்வது இது. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் நான்குவழிச் சாலை விடியற்காலையில் காலியாகக் கிடக்கும். பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாக, ஒரே சீராக அழுத்திக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தபின், பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட வேண்டும். நடுவில் தீய்ந்த வாடை வரும்; பயப்பட வேண்டாம். ஆடிக் காற்று கணவாயில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பேட் வேறு ரகமாக இருந்தால், அதன் படலத்தை டிஸ்க்கிலிருந்து தேய்த்து எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, வாங்கிய பேட் நல்லதா என்ற கேள்வி. முதல் மிதிப்பில் 'சக்'கென்று பிடித்தால் நல்ல பேட் என்று முடிவுகட்டுவது அவசரம். பழைய பேட்டிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்கு உங்களால் மிதிக்க முடிந்தது என்றால், புதுப் பேட்டால் ஒற்றை அவசர நிறுத்தத்தின் தூரம் பெரிதாகக் குறையாது. அந்த இடத்தில் கணக்கு டயருக்கும் சாலைக்கும்தான். நல்ல பேட்டின் பெருமை சூட்டில் தெரியும். 60-இல் ஓடும் 1,200 கிலோ காரை நிறுத்த பிரேக் ஏறத்தாழ 167 கிலோஜூல் ஆற்றலைச் சூடாக்கி வாங்கிக்கொள்கிறது. 100-இல் அது 463. அந்தச் சூட்டை அடுத்தடுத்து வாங்கியும் பெடலின் உணர்வு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் காலை, வண்டியை எடுத்ததும் முதல் மிதிப்பில் எப்படி நிற்கிறது என்பதையும் பாருங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எனக்கு இந்தச் சோதனைதான் முக்கியம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரவோடு இரவாக டிஸ்க்கில் மெல்லிய துரு ஏறிவிடும். சில மிதிப்புகளில் அது போய்விட வேண்டும்.

சில பேட்களின் ஓரத்தில் அச்சடித்த இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. அதைத் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயுளைப் பற்றியோ சத்தத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது.

மலையிறக்கத்தில் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் சோர்ந்துவிட்டது. பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். அதற்கு எந்தப் பேட்டும் தீர்வாகாது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் அதற்கு விதித்திருக்கும் வரம்பே 155-தான். கடற்காற்றுப் படும் ஊரில் இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே ஆயிலோடு ஓடும் காருக்கு நான் முதலில் ஆயில் மாற்றத்தான் சொல்வேன், பேட்டைப் பற்றிய பேச்சு பிறகு. நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பில் நின்று நின்று போகும் காருக்குப் பந்தயப் பேட் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சூடேறாமல் அது பிடிக்காது, டிஸ்க்கையும் தின்றுவிடும்.