ஒரே 55 அங்குலம், இரண்டு விலை: கூடுதல் காசு டிவிக்குள் எங்கே போகிறது?

கடையில் இரண்டு 55 அங்குல டிவிகள் அடுத்தடுத்து மாட்டியிருக்கும். இரண்டின் மேலும் 4கே, எச்டிஆர், க்யூஎல்இடி, கூகுள் டிவி என்று ஒரே மாதிரி ஸ்டிக்கர்கள். விலை மட்டும் ஒன்றுக்கு இன்னொன்று கிட்டத்தட்ட இரட்டிப்பு. கேட்டால் "பிராண்டு சார்" என்பார்கள். பிராண்டுக்கும் கொஞ்சம் போகிறதுதான். மிச்சத்தில் பெரும்பகுதி ஸ்டிக்கரில் ஏறாத இடங்களுக்குப் போகிறது: திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, அந்த விளக்கைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட், நொடிக்கு எத்தனை முறை திரை படம் மாற்றுகிறது என்கிற வேகம். இந்த மூன்றும் உங்கள் ஹாலுக்குத் தேவையா என்று தெரிந்துகொண்டால் எந்த டிவி என்ற முடிவு தானாக வந்துவிடும்.

பிக்ஸலில் வித்தியாசம் இல்லை

4கே என்பது 3840 × 2160 புள்ளிகள். மொத்தம் சுமார் 83 லட்சம். மலிவு டிவியிலும் அதே 83 லட்சம்தான். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் முழு எச்டி படத்தின் ஒரு புள்ளி 0.63 மி.மீ. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 7 அடிக்கு அப்பால் உட்கார்ந்தவருக்கு முழு எச்டி புள்ளியே தெரியாது. 4கே புள்ளிகளைக் கண் பிரித்தறிய மூன்றரை அடிக்குள் வரவேண்டும். 43 அங்குலத்தில் முழு எச்டிக்கான எல்லை ஐந்தரை அடி. நம் வீடுகளில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே எட்டு, ஒன்பது அடி இருக்கும். ஆகவே 4கே என்ற எழுத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது, உள்ளே வரும் படத்தின் தரம். சாதாரண எஸ்டி சேனல் 720 × 576 புள்ளிகளில் வருகிறது. 4கே திரையை நிரப்ப அதைச் சரியாக 20 மடங்காக்க வேண்டும். திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளியிலும் 19 டிவியின் சிப் ஊகித்துப் போட்டவை. எச்டி சேனல் என்றால் நான்குக்கு மூன்றுதான் ஊகம். சீரியலில் முகம் மெழுகு பூசினாற்போல் தெரிவதும், செய்தி எழுத்தோடையின் ஓரங்கள் கொசகொசவென்று துடிப்பதும் இந்த ஊகம் தவறுவதால்தான். நடுத்தர விலை டிவியின் சிப் இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் செய்யும், அவ்வளவுதான். எஸ்டி சேனல் மட்டுமே பார்க்கும் வீட்டில் டிவியை மாற்றுவதற்கு முன்னால் எச்டி பாக்ஸும் எச்டி பேக்கும் வாங்குங்கள். மாற்றம் அன்றைக்கே தெரியும், செலவும் குறைவு.

திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு

எல்இடி டிவி என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி டிவி. பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன; முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கதவைப் போல அந்த வெளிச்சத்தை விடுகிறது அல்லது மறிக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்தக் கதவு முழுதாக மூடாது. இடுக்கில் கசியும் வெளிச்சம்தான், இருட்டுக் காட்சியில் கறுப்புக்குப் பதிலாகச் சாம்பலாகத் தெரிகிறது.

எவ்வளவு கசியும் என்பது பேனலின் வகையைப் பொறுத்தது. ஐபிஎஸ் பேனலில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1. விஏ பேனலில் 3000:1 முதல் 5000:1 வரை போகும். 300 நிட்ஸ் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் டிவி என்றால், ஐபிஎஸ்ஸில் கறுப்பு 0.3 நிட்ஸாகத் தெரியும். 4000:1 விஏவில் 0.075. லைட்டை அணைத்துப் படம் பார்க்கும் வீட்டில் இந்த நான்கு மடங்கு வித்தியாசம் கண்ணில் அறையும். விஏவுக்கு ஒரு குறை உண்டு: பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். கதவோரம் நாற்காலி, கீழே பாய் என்று குடும்பமே ஹாலில் பரவி உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ் பொருந்தும். எதிரே ஒரே சோபா என்றால் கண்ணை மூடிக்கொண்டு விஏ. டிவியைச் சுவரில் உயரமாக மாட்டினாலும் இதே வெளுப்பு கீழிருந்து பார்ப்பவருக்கு வரும். உட்கார்ந்தவரின் கண் மட்டத்துக்குத் திரையின் நடு வருமாறு ஆணி அடிக்கச் சொல்லுங்கள்.

மலிவு டிவியின் பின்மூடியைக் கழற்றி, பேனலை எடுத்து, வெள்ளைத் தாள் போன்ற விரிப்புகளை விலக்கினால் உள்ளே பொதுவாக மூன்று நான்கு அலுமினியப் பட்டைகள் தெரியும். ஒவ்வொரு பட்டையிலும் ஏழெட்டு எல்இடிகள். ஒவ்வொன்றின் தலையிலும் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். எண்ணிக்கையைக் குறைத்தால் விலை குறையும். ஆனால் குறைந்த விளக்குகளை வைத்துத் திரை முழுவதும் வெளிச்சம் காட்ட ஒவ்வொன்றிலும் அதிக மின்னோட்டம் விடவேண்டியிருக்கிறது. அவை அதிகம் சூடாகின்றன. பட்டையில் எல்லாம் தொடர் இணைப்பு என்பதால் ஒரு எல்இடி அறுந்தால் அந்த வரிசையே அணைந்துவிடும். 'சத்தம் வருது, படம் வரல' என்று ரிப்பேருக்கு வரும் டிவிகளில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. இருட்டில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்து அடித்துப் பாருங்கள்: மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் போனது பேக்லைட், பேனல் நன்றாகவே இருக்கிறது. திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு விழுந்தால் லென்ஸ் பசை விட்டு உதிர்ந்திருக்கிறது. இரண்டையும் தள்ளிப்போட எளிய வழி, பேக்லைட் அளவை 100-இலிருந்து 60, 70-க்கு இறக்கி வைப்பது. இரவில் கண்ணுக்கும் அதுவே சுகம்.

நடுத்தர விலையில் கிடைப்பது லோக்கல் டிம்மிங். பின்விளக்கைப் பல மண்டலங்களாகப் பிரித்து, படத்தில் இருட்டாக உள்ள இடத்தில் மட்டும் விளக்கைத் தணிப்பார்கள். கசிய வெளிச்சமே இல்லாதபோது கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இரட்டை விலையை நியாயப்படுத்தும் ஒரே ஒரு அம்சத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம். ஆனால் எத்தனை மண்டலம் என்று கேளுங்கள். 100 மண்டலம் உள்ள டிவியிலும் ஒரு மண்டலத்தின் கீழே கிட்டத்தட்ட 83,000 புள்ளிகள் அடங்குகின்றன. கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் அந்த மண்டலம் முழுவதும் எரிய வேண்டும். எழுத்தைச் சுற்றிப் புகைமூட்டம் போல ஒளி படரும். மினி எல்இடி என்பது விளக்குகளைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டி இந்தப் படரலைக் குறைக்கும் வழி. மலிவு டிவி விளம்பரத்தில் வரும் 'மைக்ரோ டிம்மிங்' போன்ற பெயர்களைக் கண்டு ஏமாற வேண்டாம். பெரும்பாலும் அது படத்தின் நிறத்தை மென்பொருளால் திருத்துவதுதான். விளக்கு தணிவதே இல்லை.

எச்டிஆர் போட்டால் படம் ஏன் இருட்டாகிறது?

'புது டிவியில ஓடிடி படமெல்லாம் இருட்டா இருக்கு' என்று பலர் சொல்வதுண்டு. டிவி பழுதில்லை. எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை. அதன் சிக்னல், இந்த இடம் இத்தனை நிட்ஸ் என்று நேரடி அளவாகவே வெளிச்சத்தைச் சொல்கிறது. படங்களைப் பொதுவாக 1000 நிட்ஸ் உச்சம் வைத்துத் தயாரிக்கிறார்கள். மலிவு டிவி தருவது 250 முதல் 300 நிட்ஸ். சூரியனும் விளக்கும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதால் மீதிப் படத்தையும் சேர்த்துக் கீழே அமுக்குகிறது. 'எச்டிஆர் சப்போர்ட்' என்ற ஸ்டிக்கருக்கு, அந்த சிக்னலைப் படிக்கத் தெரியும் என்று மட்டுமே அர்த்தம். அந்த வெளிச்சத்தைக் காட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. 600 நிட்ஸைத் தாண்டிய, லோக்கல் டிம்மிங் உள்ள டிவியில்தான் எச்டிஆர் பெயருக்கேற்றபடி தெரியும். மலிவு டிவியில் எச்டிஆர் ஓடும்போது பேக்லைட்டை முழுதாக ஏற்றுங்கள். காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் திரையின் வரம்புக்குள் பொருத்தும் டைனமிக் டோன் மேப்பிங் என்ற அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள்.

பகலில் ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும் ஹாலுக்கும் இதே நிட்ஸ்தான் கணக்கு. 250 நிட்ஸ் திரை அங்கே முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கனமான திரைச்சீலை போட முடிந்தால் அதுவே மலிவான தீர்வு.

க்யூஎல்இடி பற்றியும் ஒரு வார்த்தை. நீல எல்இடியின் ஒளி, சில நானோமீட்டர் அளவுள்ள குவாண்டம் துகள்களின் மேல் பட்டால் தூய சிவப்பும் பச்சையும் பிறக்கும். துகளின் அளவு மாறினால் நிறம் மாறும். இந்தத் துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயி புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான அறிவியல். ஆனால் அது நிறத்தைத்தான் கூட்டும். லோக்கல் டிம்மிங் இல்லாத 300 நிட்ஸ் க்யூஎல்இடியில் நிறம் பளிச்சென்று இருக்கும். இருட்டு சாம்பலாகவே இருக்கும். பலர் காசை விடும் இடம் இதுதான்: மலிவு டிவியின் விளக்கு, நடுத்தர டிவியின் பெயர், இரண்டுக்கும் நடுவே ஒரு விலை.

60 ஹெர்ட்ஸும் 120 ஹெர்ட்ஸும்

திரை நொடிக்கு எத்தனை முறை படம் மாற்றுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ். சினிமா நொடிக்கு 24 படம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் வராது. அதனால் ஒரு படத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது. ஒன்று 33 மில்லி விநாடி நிற்கிறது, அடுத்தது 50. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போவது இதனால்தான். 120-ஐ 24-ஆல் வகுத்தால் சரியாக 5, தத்தல் போய்விடும்.

கிரிக்கெட்டுக்குக் கணக்கு வேறு. நம் நேரலை நொடிக்கு 50 படம் என்ற அடிப்படையில் வருகிறது. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 78 செ.மீ. பறந்துவிடும். 120 ஹெர்ட்ஸ் டிவி 100-க்கு மாறி, நடுவில் ஒரு படத்தைத் தானே கணித்துச் செருகும். பந்தின் பாதை துண்டுபடாமல் தெரியும். இந்த வசதியை மேட்சுக்குப் போடுங்கள், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெரிய படமும் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். வாங்கும்போது 'மோஷன் ரேட் 120' என்று எழுதியிருந்தால் நம்பாமல், பேனலின் நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது பேனல் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள்.

கேம் கன்சோலில் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் ஆட வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.1 போர்ட் தேவை. அது நொடிக்கு 48 ஜிகாபிட் வரை தாங்கும், 2.0 தாங்குவது 18. பல டிவிகளில் ஒன்றிரண்டு போர்ட்டில்தான் அந்த வேகம். வீட்டில் கன்சோல் இல்லையென்றால் இதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரவேண்டாம்.

பிறகு மாற்றக்கூடியது, மாற்றவே முடியாதது

மலிவு டிவியைப் பற்றிய புகார்களில் பாதி, ஆப் திறக்க நேரமாகிறது, சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்பவை. இரண்டையும் பிறகு சரிசெய்யலாம். ஒன்று ஒன்றரை ஜிபி ரேமில் திணறும் டிவியில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் தீர்ந்தது. ஏஆர்சி என்று எழுதிய, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ போர்ட்டில் சவுண்ட்பார் இணைத்தால் 20 வாட்ஸ் ஸ்பீக்கரின் குறை மறையும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் டிவி என்றால் ரூட்டரிலிருந்து லேன் வயர் இழுத்துவிடுங்கள். 4கே படத்துக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகம் போதும். பேனல், பின்விளக்கு, ஹெர்ட்ஸ் ஆகிய மூன்றையும் பிறகு மாற்றவே முடியாது. கூடுதல் பணம் அவற்றுக்குத்தான் போகவேண்டும்.

செய்தி, சீரியல், பாட்டு, பகல் வெளிச்சம் அதிகம் விழாத ஹால் என்றால் 43 அங்குல விஏ பேனல் மலிவு டிவி தாராளம். இரவில் ஓடிடி படமும் கிரிக்கெட்டும் முக்கியம் என்றால் நடுத்தரத்துக்குப் போங்கள். பட்ஜெட் இடித்தால் 55-ஐ 50 ஆக்குங்கள், லோக்கல் டிம்மிங்கை விட்டுக்கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதனால் வரிக்குப் பயந்து 32-இல் நிற்கவும் அவசியமில்லை.

கடைக்குப் போகும்போது ஃபேட்32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் மூன்று கோப்புகளைக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள் இருக்கட்டும். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி நகரும் வீடியோ, முழுத் திரைச் சாம்பல் படம், பச்சை மைதானத்தில் கேமரா பந்தைத் துரத்தும் ஒரு காட்சி. முதலில் விவிட் மோடை மாற்றி சினிமா மோடில் வைக்கச் சொல்லுங்கள். சற்று மஞ்சளாகத் தெரியும், அதுதான் சரியான நிறத்துக்கு அருகில் இருப்பது. புள்ளி நகரும்போது அதைச் சுற்றி மட்டும் விளக்கு எரிந்தால் லோக்கல் டிம்மிங் வேலை செய்கிறது. திரை மொத்தமும் வெளுத்தால் இல்லை. சாம்பலில் நடுவிலும் மூலையிலும் திட்டுத் திட்டாக அழுக்கு போலத் தெரிகிறதா, அதே திட்டு மைதானத்தின் மேல் ஊர்கிறதா என்று பாருங்கள். விலை எதுவானாலும் இந்தக் குறை பேனலுக்குப் பேனல் மாறும் என்பதால், வீட்டுக்கு வந்த டிவியிலும் மாட்ட வந்தவர் கிளம்பும் முன்னால் சாம்பல் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று கேட்டால் பின்புறத் தகட்டைப் படியுங்கள்: 100–240 வோல்ட் என்றிருந்தால் வேண்டாம், ஒரு சர்ஜ் புரொடெக்டர் போதும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு கேபிள் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ போர்ட்டைச் சுடும் மின்னல் பெரும்பாலும் அந்த வயரில்தான் உள்ளே வருகிறது.