பற்காரையை எடுத்தால் பல் ஆடுமா?

பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், கீழ்வரிசை முன்பற்கள் ஆடுவதாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். நாக்கு படும் உட்பக்கத்தில் பழுப்பு நிறக் காரை சுவர்போல் படிந்திருந்தது. சுத்தம் செய்ய வேண்டும் என்றதும், "கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடிடும்னு சொல்றாங்களே டாக்டர், மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்களேன்" என்றார்.

வாரம் ஒருமுறையாவது நான் கேட்கும் இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில் அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள், காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள். பல்லின் மீது நாள்தோறும் படியும் கிருமிப்படலம் அகற்றப்படாமல் இருந்தால், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் சேர்ந்து சில நாட்களிலேயே அது காரையாக இறுகத் தொடங்குகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்களான கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும் காரை மிகுதியாகச் சேர்வது இதனால்தான். காரையின் மேல் மீண்டும் கிருமிகள் குடியேற, ஈறு வீங்குகிறது. அழற்சி ஆழமாகப் பரவும்போது பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. அப்படிப் பிடிமானம் இழந்த பற்களைக் காரையே சிமெண்டுபோல் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்தியிருக்கும். அதை எடுக்கும்போது, முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பின்னர் ஈற்றின் வீக்கம் வற்றுவதால் பல்லிடுக்குகளும் கண்ணில் படுகின்றன, சில நாட்கள் பல் கூசவும் செய்யும்.

அந்த நோயாளி ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவர். பல் துலக்கும்போது இரத்தம் வந்தது, ஆனால் வலி இல்லாததால் பொருட்படுத்தவில்லை. அதைவிட, இரத்தம் வரும் இடத்தில் தூரிகை படாமல் பார்த்துக்கொண்டார். கிருமி சேரும் இடத்தையே துலக்காமல் விட்டால் நோய் வளரத்தான் செய்யும். டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. எலும்பு கரைந்துவிட்டால் இப்படி முழுமையாக மீள முடியாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டுக் கவலையோடு வருபவர்களும் உண்டு. நம் மக்கள் பலருக்கு ஈற்றில் கருமை படர்ந்திருப்பது இயல்பான நிறமியே. வீக்கம், பளபளப்பு, இரத்தக்கசிவு, விடாத வாய்நாற்றம், பல் நீண்டதுபோல் தோன்றுதல் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும். புகைபிடிப்பவர்களுக்கு ஈற்றின் இரத்தக்கசிவு குறைந்துவிடுவதால், உள்ளே நோய் முற்றியிருந்தாலும் வெளியே அடையாளம் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினோ வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ எடுப்பவர்களில் சிலருக்கு ஈற்றின் சதையே வளர்வதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இயல்பானது. அதற்கு மேல் ஆழமாகி இரத்தமும் கசிந்தால், ஈற்றுக்கு அடியில் வேர்ப்பகுதியையும் சுத்தம் செய்கிறோம். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, ஆழம் குறையாத இடங்களில் மட்டுமே ஈற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்வது வழக்கம். காரையை எடுக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுப்பதில் பயனில்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு ஆறத் தாமதமாகும். ஈறு சீரானால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவும் சற்றே குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம், காலையிலும் இரவிலும் துலக்க வேண்டும். பல்லிடுக்கைத் தூரிகை எட்டாது; அதற்கு இடுக்குத் தூரிகையோ பல் நூலோ தேவை. செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும்.

அந்த நோயாளியின் ஆடிய நான்கு பற்களில் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற மூன்றின் ஆட்டம் குறைந்துள்ளது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார்.