அறிவியல் பெட்டிக்கு முன் ஒரு வளையக் காந்தம்

பல ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். கோடை விடுமுறை நெருங்கும்போதும் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களிலும் பெற்றோர் தவறாமல் என்னிடம் வந்து, "டீச்சர், பையனுக்கு சயின்ஸ்ல ரொம்ப ஆர்வம், என்ன வாங்கிக் குடுக்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஓர் அறிவியல் சோதனைப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வாங்கியது சரிதான் என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்கிறார்கள் என்பது பேச்சின் போக்கிலேயே தெரிந்துவிடும். நான்கு வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

என் வகுப்புக்கு அதிகம் வந்து சேர்ந்தது எரிமலைப் பெட்டி. பிளாஸ்டிக் மலையின் வாய்க்குள் சமையல் சோடாவைப் போட்டு, வினிகரையும் சிவப்புச் சாயத்தையும் ஊற்றினால் நுரை பொங்கி வழியும், வகுப்பே கைதட்டும். ஒருமுறை, அதைக் கொண்டுவந்த மாணவனிடம் உண்மையான மலைக்குள் என்ன இருக்கும் என்று கேட்டேன். "வினிகர் மிஸ்" என்றான், ஒரு நொடிகூடத் தயங்காமல். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பெட்டி அவனுக்குக் கற்பித்தது அதைத்தான். பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பைப் பற்றியும், அதில் கரைந்திருக்கும் வாயுக்கள் அழுத்தம் குறையும்போது குமிழிகளாக விரிந்து அதை மேலே தள்ளுவதைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கரியமில வாயு வரும் என்பது தனியாகவே நல்ல பாடம். அதற்கு மலை வேடம் போட்டதுதான் தவறு. போதாததற்கு, வீட்டில் அளந்து ஊற்றியது அப்பா, கலக்கியது அம்மா, பையன் வேடிக்கை பார்த்தான்.

அதே ஆண்டு ஒரு மாணவியின் அப்பா, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையக் காந்தம் ஒன்றை மகளுக்குக் கொடுத்திருந்தார். அவள் ஒரு ரூல்டு நோட்டின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் 'ஒட்டும்', மறுபக்கம் 'ஒட்டாது' என்று எழுதி வந்தாள். ஆணி, கத்தரிக்கோல், ஜன்னல் கம்பி எல்லாம் ஒட்டும். அலுமினியப் பாத்திரம், பித்தளைக் குத்துவிளக்கு, செம்புச் சொம்பு ஒட்டாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் ஒட்டும், பத்து ரூபாய் ஒட்டாது. மூன்றாம் நாள் நோட்டில் 'டம்ளர்' என்ற சொல் இரண்டு பக்கத்திலும் இருந்தது. தவறாக எழுதிவிட்டாயா என்றேன். "இல்ல மிஸ், ரெண்டுமே சில்வர் டம்ளர்தான். ஒண்ணு ஒட்டுது, ஒண்ணு ஒட்டல. ஏன்?" எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் படித்த பிறகுதான், போதிய நிக்கல் கலந்த எவர்சில்வரில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே மாறிவிடுவதால் காந்தம் அதைப் பிடிப்பதில்லை என்று அவளிடம் சொல்ல முடிந்தது. உலோகம் என்றாலே காந்தம் ஒட்டும் என்ற தவறான எண்ணத்தோடு தொடங்கிய குழந்தையை, ஆசிரியர் குறுக்கிடாமல் டம்ளரே திருத்தியது.

ஆகவே நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பொருளில் வேலை செய்யப்போவது குழந்தையின் கையா, உங்கள் கையா? ஒருமுறை செய்து முடித்ததும் பெட்டி பரண்மேல் போய்விடுமா, இல்லை நாளைக்கு வேறு விதமாகச் செய்து பார்க்க இடம் தருமா? விலை இதற்கு எந்தத் துப்பும் கொடுக்காது.

புத்தகம் வாங்கும்போது அட்டையைப் பார்க்காமல் நேராக மூன்று பக்கங்களைப் புரட்டுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பகுதியில் கசப்பு என்று பகுதி பகுதியாகப் படம் போட்டிருந்தால் மூடி வைத்துவிடலாம். எல்லாச் சுவைகளையும் நாக்கின் எல்லாச் சுவையுணர் பகுதிகளும் அறியும். நிலா தேய்வதற்குப் பூமியின் நிழல்தான் காரணம் என்று எழுதியிருந்தாலும் அப்படியே; அந்த நிழல் நிலாவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே. வெயில் காலம் வருவது பூமி சூரியனுக்கு அருகில் போவதால் என்று சொல்லும் புத்தகமும் வேண்டாம், ஏனெனில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் நடுங்கும்போது.

பூமியையும் நிலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த சுவரொட்டிக்குப் பதிலாக, ஒரு சாத்துக்குடியையும் ஓர் அரைநெல்லிக்காயையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடியின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் என்றால் நெல்லிக்காய் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருந்தால் போதும், அளவு விகிதம் சரியாக வரும். சாத்துக்குடிதான் பூமி என்றால் நெல்லிக்காயை எங்கே வைப்பாய் என்று கேட்டால், குழந்தை ஒரு சாண் தள்ளி வைக்கும். பெரியவர்களும் அங்கேயேதான் வைப்பார்கள். உண்மையில் அது கிட்டத்தட்ட 7 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் விற்கப்படும், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். அது இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். முத்திரை இருந்தாலும் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். காசு போல் வட்டமாக இருக்கும் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பளபளக்கும் சிறு காந்த உருண்டைகளும் அப்படித்தான்: இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குடலையே துளைத்துவிடக்கூடும். ஸ்பீக்கர் காந்தத்தைப் பரிந்துரைப்பதற்கு அதன் உள்ளங்கையளவும் ஒரு காரணம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள், கைக்குழந்தையும் இருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது.

வீட்டுப் பொருள் என்றால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பது அருமையான வேதியியல்தான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. சட்டையில் பட்ட சாம்பார்க் கறை துணி சோப்புப் பட்டதும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீரால் எழுத விட்டால் அதே மாற்றம் கிடைத்துவிடும். எலுமிச்சைச் சாறு சொட்டினால் அந்தச் சிவப்பு மறுபடி மஞ்சளாவதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும்.

1200 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்ட பொம்மை நுண்ணோக்கிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் பார்த்தவற்றில் எல்லாம் தெரிந்தது இருட்டும் மங்கலும்தான். ஐந்தாறு மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வாங்கி, சூரியனைப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்து, திண்ணையோர மணலில் குழியானை என்ற பூச்சி தோண்டிய குழியைப் பார்க்க விடுங்கள். ஓர் எறும்பு சரிவில் வழுக்கும்போது அடியிலிருந்து மணல் வாரி இறைக்கப்படுவதைப் பார்த்துவிட்ட குழந்தையை அங்கிருந்து எழுப்புவதுதான் கடினம்.

திரையைப் பொறுத்தவரை, 2 வயது முதல் 5 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அந்த ஒரு மணியில், தூக்கி எறியும் பொருள்களைக் கொண்டு அரவிந்த் குப்தா செய்து காட்டும் பொம்மைகளின் காணொளிகளுக்கு இடம் கொடுக்கலாம். பார்த்து முடித்ததும் குழந்தை உறிஞ்சுகுழலையும் ரப்பர் பேண்டையும் தேடி ஓடும். தமிழில் தொடர்ந்து படிக்கத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் இருக்கிறது, சிறியவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். பிளாஸ்டிக் மலையை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, சோடா, வினிகர், கரண்டி, நாலைந்து டம்ளர், ஒரு பழைய துண்டு ஆகியவற்றை மட்டும் குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு, உங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.