லேபிளில் தங்கிவிடும் பழைய எழுத்து

மின் பேனல் பராமரிப்பு என் தொழில். டெஸ்டருக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கையில் எடுப்பது கையடக்க லேபிள் பிரிண்டரைத்தான். அதில் நான் செய்த ஒரு திருத்தம் சக ஊழியர் ஒருவரை மின்சாரத்துக்கு மிக அருகே கொண்டுபோய்விட்டது.

முந்தைய வேலையின் லேபிளில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் விசிறியின் எண், இரண்டாம் வரியில் 'தளம் 3'. நான் எண்ணை மட்டும் மாற்றி அச்சிட்டு, நான்காம் தளத்துக்கான பிரேக்கரின் மேல் ஒட்டிவிட்டேன். ஒட்டும்முன் வாசிக்கத்தான் செய்தேன். ஆனால் கண் பார்த்தது லேபிளை அல்ல, மனத்தில் இருந்ததை. பிறகு மூன்றாம் தளத்து விசிறியைக் கழற்றப் போனவர் அந்த பிரேக்கரை அணைத்துவிட்டு இணைப்பைத் திறந்தார். வழக்கம்போல முதலில் டெஸ்டரை வைத்ததால் தப்பினார், டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

பல கருவிகள் தானாக அணைந்தாலும் கடைசியாகத் தட்டிய எழுத்தை மறப்பதில்லை. திரையும் சிறியது. ஒரு வரியைத் திருத்தும்போது மற்றொரு வரி கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கலாம். அதனால் புதிய லேபிள் என்றால் பழையதைத் திருத்தாமல் முழுவதையும் அழித்துவிட்டே தொடங்குகிறேன். அழிக்கும் விசையை அழுத்தினால் எழுத்தை மட்டுமா, வடிவமைப்பையும் சேர்த்தா என்று சில கருவிகள் கேட்கும். நான் இரண்டையும் அழிக்கிறேன். முன்பு வைத்த குறிப்பிட்ட நீளம் அப்படியே இருந்தால், புதிய வாசகம் அதற்குள் அடங்க எழுத்து சுருங்கிப்போகும். தொலைவிலிருந்து படிக்கவே முடியாது.

திருத்தத்தான் வேண்டும் என்றால் கர்சர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொதுவாக, தட்டும் எழுத்து பழையதன் மேல் ஏறாது. கர்சர் நிற்கும் இடத்தில் நுழைந்துகொள்ளும். பின்னழிப்பு விசை கர்சருக்கு இடப்பக்கம் இருப்பதை அழிக்கும். 11 என்பதை 12 ஆக்கப் போய், அழிக்க மறந்தால் 112 வந்து நிற்கும். ஆங்கில எழுத்தான 'ஓ'வையும் பூஜ்யத்தையும் அந்தச் சின்னத் திரையில் வேறுபடுத்துவது கடினம். குறியீட்டில் இரண்டும் வருமானால் மின்சுற்று வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

முன்னோட்ட வசதி இருந்தால் அச்சிடும்முன் கடைசி வரி வரை நகர்த்திப் பாருங்கள். பிரதிகளின் எண்ணிக்கையையும் அப்போதே பார்த்துவிடலாம். டேப் வீணாவது சிறு நட்டம். ஒரே பிழை ஐந்து லேபிள்களில் வந்துவிட்டால் ஐந்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஒட்டும்முன் நான் தனியாகச் சரிபார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் லேபிளை உரக்க வாசிக்கிறார், நான் வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்கிறேன். தவறாக வந்த லேபிளை அங்கேயே இரண்டாக வெட்டிவிடுகிறோம். முழுதாகக் கிடந்தால், பசை உள்ள துண்டுதானே என்று யாராவது எடுத்து எங்காவது ஒட்டிவிடுவார்கள்.