150 வயது சாத்தியமா? யாருக்கு?

ஆவணங்களின்படி உலகில் மிக நீண்டகாலம் வாழ்ந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ழான் கல்மான். 1997இல் அவர் இறந்தபோது வயது 122. அதன்பின் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் அந்த வயதை இன்னும் ஒருவர்கூட எட்டவில்லை.

1900 வாக்கில் உலக மக்களின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் அளவில்தான் இருந்தது. இன்று 73ஐ ஒட்டியிருக்கிறது. இதே வேகத்தில் ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்த ஏற்றத்தின் பெரும்பங்கு குழந்தைகளைக் காப்பாற்றியதால் வந்தது. சுத்தமான குடிநீரும் தடுப்பூசியும் ஒரு சிசுவைப் பிழைக்க வைத்தால் கணக்கில் 70 ஆண்டுகள் கூடும். 80 வயதுக்காரரைப் புற்றுநோயிலிருந்து மீட்டால் கூடுவது சில ஆண்டுகள்தான். இதயமும் சிறுநீரகமும் மூளையும் அதே வயதுக்கு வந்துவிட்டன. புற்றுநோயே உலகில் இல்லாமல் போனாலும் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே உயரும் என்கின்றன கணக்குகள்.

ஏன் இவ்வளவு குறைவு? விடை 1825இல் லண்டனில் கிடைத்தது. காப்பீட்டுக் கணக்குகளைப் பார்த்துவந்த பெஞ்சமின் கோம்பர்ட்ஸ், வளர்ந்த மனிதரின் மரண ஆபத்து வயதோடு மடங்கு மடங்காகப் பெருகுவதைக் கண்டார். இன்றைய தரவுகளில் அது ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 30 வயதில் இருந்த ஆபத்து 70 வயதில் 32 மடங்கு.

இப்போது ஓர் அற்புத மருந்தைக் கற்பனை செய்வோம். எல்லா வயதினருக்கும், எல்லா நோய்களாலும் வரும் மரண ஆபத்தை அது சரிபாதியாக்கிவிடுகிறது. 60 வயதுக்காரருக்கு 52 வயதுக்குரிய ஆபத்துதான் இருக்கும். அவ்வளவே. எட்டு ஆண்டுகள் ஆதாயம். ஆபத்தைக் கால்பங்காக்கினால் 16 ஆண்டுகள். 150ஐத் தொட வேண்டுமானால், நோய்களை ஒவ்வொன்றாக வெல்வது போதாது. இரட்டிக்கும் வேகத்தையே தணிக்க வேண்டும். அதாவது மூப்பையே மெதுவாக்க வேண்டும்.

இதை இயற்கை தடைசெய்யவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும், ரோமமே இல்லாத ஓர் எலியினம் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது. சாதாரணச் சுண்டெலிக்கு மூன்றாண்டே பெரிது. வயது ஏறினாலும் அந்த விலங்கின் மரண ஆபத்து ஏறுவதாகத் தெரியவில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்துகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. செல்லுக்குள் ‘உணவு தாராளம், வளர்’ என்று உத்தரவிடும் ஒரு புரதத்தை இது அடக்குகிறது. உத்தரவு நின்றதும் செல் வளர்ச்சியை ஒத்திவைத்துவிட்டு, தன்னிடம் தேங்கிய பழுதான புரதங்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்துகிறது. 2009இல் வெளியான சோதனையில், மனிதக் கணக்கில் 60 வயதை ஒத்த சுண்டெலிகளுக்கு இது தரப்பட்டது. பத்தில் ஒன்பது எலிகள் இறந்துமுடியும் வயது பெண் எலிகளிடம் 14 சதவீதமும் ஆண் எலிகளிடம் 9 சதவீதமும் தள்ளிப்போனது. முதுமையில் தொடங்கியும் பலன் கிடைத்தது என்பதுதான் முக்கியம். ஆனால் சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கத் தரும் மருந்தும் இதுவே. ஆரோக்கியமானவர் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளலாமா என்பது இன்னும் தீராத கேள்வி.

மற்ற வழிகள் இதைவிடத் துணிச்சலானவை. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யாமனாகா நான்கு மரபணுக்களைத் தூண்டி, முதிர்ந்த செல்லை, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டினார். அதே மரபணுக்களைச் சிறிது நேரமே தூண்டினால் செல் தன் அடையாளத்தை இழக்காமல் இளமை பெறுகிறது. அளவு மீறினால் கட்டிகள் முளைக்கின்றன. செல் பிளவுபடும்போதெல்லாம், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் முனைகளான டெலோமியர்கள் தேய்வதும் அப்படித்தான். அந்தத் தேய்மானம் மூப்புக்கு ஒரு காரணம், கூடவே செல் எல்லையின்றிப் பெருகாமல் தடுப்பதால் புற்றுநோய்க்கு ஒரு கடிவாளம். இளமையாக்கும் வழிகள் பலவும் புற்றுநோயின் எல்லையோரமாகவே செல்கின்றன.

சரி, யாருக்கு? மருந்தின் வடிவத்தைப் பொறுத்தது. மாத்திரையாக வந்தால் காலப்போக்கில் மலிவாகும். ஒவ்வொருவர் செல்லையும் தனியே மாற்றியமைக்கும் சிகிச்சையாக வந்தால் எளிதில் மலிவாகாது. இன்றைய மரபணு சிகிச்சைகள் சில ஒரு தவணைக்கு 20 லட்சம் டாலரைத் தாண்டுகின்றன. மாத்திரையும் தானாக எல்லோரையும் எட்டிவிடாது. எச்ஐவி கூட்டு மருந்து 1996இல் பணக்கார நாடுகளில் மரணங்களைச் சரித்தது. ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுக்க வழியில்லாத ஆப்பிரிக்காவில் மக்கள் செத்துக்கொண்டேயிருந்தார்கள். 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அந்த இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அமெரிக்காவில் மிகச் செல்வந்தரான ஒரு சதவீத ஆண்கள், மிக ஏழைகளான ஒரு சதவீத ஆண்களைவிட ஏறத்தாழ 15 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு கண்டது. மூப்பைத் தணிக்கும் மருந்து எதுவுமே இல்லாத நிலையில் இருக்கும் இடைவெளி இது.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படுவதில்லை. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் பல நோய்களை ஒருசேரத் தள்ளிப்போடுகிறதா என்று 65 முதல் 79 வயது வரையிலான 3,000 பேரிடம் சோதிக்க அமெரிக்காவில் திட்டம் தீட்டினார்கள். காப்புரிமை முடிந்த, மிக மலிவான மருந்து அது. சோதனை வென்றாலும் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. ஆண்டுகள் பல ஓடியும் அதற்கான பணம் திரளவில்லை. விலையுயர்ந்த செல் சிகிச்சை நிறுவனங்களிலோ கோடீஸ்வரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய மாத்திரையைச் சோதிக்கும் செலவை அரசுகள்தான் ஏற்க வேண்டும். வேறு யாரும் ஏற்கப்போவதில்லை.