பிரேக் என்றால் முறிவு அல்ல

ஹிப் ஹாப் பிறந்த கதையைச் சொல்லும் ஓர் ஆவணப்படத்தை அண்மையில் தமிழ்த் துணைவரிகளோடு பார்த்தேன். 1970களின் நியூயார்க். பிராங்க்ஸ் பகுதியில் நடந்த விருந்துகளைப் பற்றி ஒருவர் கண் மின்னச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் 'பிரேக்' என்கிறார், கீழே தமிழில் ஓடுகிறது: "இடைவேளை வந்ததும் பையன்கள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்." படிக்கிறவர் என்ன நினைப்பார்? பாட்டை நிறுத்திவிட்டார்கள், ஓய்வு நேரத்தில் பையன்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள் என்றுதானே? நடந்தது இதற்கு நேர் எதிர். அந்த இரவின் உச்சமே அந்த இடம்தான். சற்று நேரத்தில் அதே பையன்கள் 'முறிவு நடனக் கலைஞர்கள்' ஆனார்கள். அதற்குமேல் என்னால் படத்தைப் பார்க்க முடியவில்லை.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் என்ற அந்த நடனம் ஒரு போட்டியாக வந்தபோதே இந்தச் சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விஸார்டும் தங்கம் வென்ற அந்த 2 நாட்களில் 'உடைப்பு நடனம்', 'முறிவு நடனம்' என்று எத்தனை முறை கண்ணில் பட்டது! அந்த ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்ற விளக்கம் மட்டும் எங்கேயும் தட்டுப்படவில்லை.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'பிரெகன்' என்றால் உடைத்தல், துண்டித்தல். அதிலிருந்து, தொடர்ந்து ஓடும் ஒன்றில் விழும் இடைவெளி என்ற பொருள் கிளைத்தது. இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கிளையைத்தான். வேர் நமக்கு உதவுவது இவ்வளவுதான். ஒரு சொல் வேரில் என்ன பொருள் தந்தது என்பதைவிட, அதைக் கையாண்டவர்கள் என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் கீழ்த்தளப் பொது அறையில் ஒரு விருந்து வைக்கிறார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், 18 வயது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். டி.ஜே. கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தவர். ஆடுகிறவர்களை உற்றுக் கவனிப்பது அவர் வழக்கம். பாட்டில் ஓர் இடம் வரும். பாடகர் நின்றுவிடுவார், கிட்டாரும் ஊதுகருவிகளும் ஒதுங்கிவிடும், டிரம்ஸ் மட்டும், சில பாட்டுகளில் கூடவே பேஸ் கிட்டாரும், தனியாக ஓடும். நல்ல ஆட்டக்காரர்கள் அந்த இடத்துக்காகவே ஓரமாகக் காத்திருப்பதை ஹெர்க் பார்த்தார். அந்த இடம்தான் பிரேக். ஆனால் அது சில வினாடிகளில் முடிந்துவிடும். எனவே ஒரே இசைத்தட்டின் 2 பிரதிகளை 2 சுழல்மேடைகளில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் அதையே தொடங்கினார். சில வினாடிகள் பல நிமிடங்களாக நீண்டன. இதற்கு அவர் வைத்த பெயர் ராட்டினம் என்ற பொருள்படும் 'மெரி கோ ரவுண்ட்'. அந்த நேரத்தில் நடுவே இறங்கி ஆடியவர்களுக்குப் பெயர் பிரேக் பாய்ஸ், சுருக்கமாக பி-பாய்ஸ். ஆடிய பெண்கள் பி-கேர்ள்ஸ்.

ஆக, ஆட்டத்துக்குப் பெயர் தந்தது பாட்டின் அந்த இடம். உடம்பு எதையும் முறிக்கவில்லை, யாரும் எதையும் உடைக்கவில்லை.

இதைச் சொன்னால் 'முறிவு நடனம்' என்பவர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கை, கால், இடுப்பு எல்லாவற்றையும் முறித்து முறித்து ஆடுவதால் அது முறிவு நடனம் என்கிறார்கள். ஒரு கூட்டத்தில் மேடையிலேயே இதைக் கேட்டேன், கைதட்டலும் விழுந்தது. இது பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டிய காரணம். நம் ஊரில் இது எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 80களிலும் 90களிலும் 'பிரேக் டான்ஸ்' என்று நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் ஆடியது பெரும்பாலும் இயந்திர மனிதனைப்போல் மூட்டு மூட்டாக வெட்டி ஆடும் ஆட்டம். அதற்கு உண்மையான பெயர் பாப்பிங். அது கலிஃபோர்னியாவில் வளர்ந்த தனி ஆட்டம், பிராங்க்ஸுக்கும் அதற்கும் பிறப்புத் தொடர்பு இல்லை. 1984இல் வந்த ஹாலிவுட் படங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'பிரேக்டான்ஸ்' என்று உலகமெங்கும் விற்றன. பிராங்க்ஸ்காரர்கள் பலர் இன்றும் அந்தப் பெயரை ஏற்பதில்லை. அவர்களுக்கு அது பிரேக்கிங்தான், ஒலிம்பிக்கிலும் அந்தப் பெயரில்தான் நடந்தது. யாரோ கட்டிய மூட்டையைப் பார்த்து நாம் 'முறிவு' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழில் 'முறிவு' எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எலும்பு முறிவு. மணமுறிவு. பேச்சு முறிந்தது, உறவு முறிந்தது. 'உடைப்பு' என்றால் ஏரி உடைப்பு, குழாய் உடைப்பு. இரண்டும் கேட்டைக் குறிக்கும் சொற்கள். அன்றைய தெற்கு பிராங்க்ஸ் உண்மையிலேயே உடைந்துகிடந்த ஊர். நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடித்தார்கள், கட்டடங்கள் வரிசையாக எரிந்தன. அந்த இடிபாட்டின் நடுவே கறுப்பினப் பிள்ளைகளும் புவேர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளும் கையில் கிடைத்த பழைய இசைத்தட்டிலிருந்து சில வினாடிகளைப் பிடித்து நிறுத்தி ஒரு கலையைச் செய்தார்கள். அதற்குப் போய் இடிபாட்டின் பெயரையே வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நியாயமான மறுப்பும் உண்டு, அதைத் தள்ளிவிட மாட்டேன். 'பிரேக்' என்பதற்கு அன்றைய தெருப்பேச்சில் வேறொரு பொருளும் இருந்தது என்று ஹெர்க்கே சொல்லியிருக்கிறார்: வெறி பிடித்தாற்போல் துள்ளுவது, கட்டுக்கு அடங்காமல் போவது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதற்கும் தமிழ் 'முறிவு' அல்லவே! ஒருவன் அப்படி ஆடினால் நாம் என்ன சொல்வோம்? "அவிழ்த்துவிட்ட மாதிரி ஆடுறான்" என்போம். 'அவிழ்த்துவிட்ட' என்பதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

அடுத்த போட்டிச் சொல் 'இடைநிறுத்தம்'. இது இடைவேளையைவிடப் பரவாயில்லை, ஆனாலும் தவறு. ஏனென்றால் எதுவும் நிற்பதில்லை. இதற்கு ஹிப் ஹாப்பைவிட ஜாஸ் நல்ல சாட்சி. பிரேக் என்ற இசைச்சொல் அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன்பே புழங்கியது. நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் ஜெல்லி ரோல் மார்ட்டனை 1938இல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்புற இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். அதில் மார்ட்டன், பிரேக் இல்லாமல் ஜாஸே வாசிக்க முடியாது என்று அடித்துச் சொல்கிறார். ஜாஸில் பிரேக் வந்தால் டிரம்ஸும் பேஸும் பியானோவும் சட்டென்று விலகிக்கொள்ளும், ஒருவர் மட்டும் 2 அல்லது 4 பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) வாசிப்பார். 1946 மார்ச் 28 அன்று டயல் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஹாலிவுட்டில், டிஸ்ஸி கில்லெஸ்பி இயற்றிய 'எ நைட் இன் டுனீசியா'வைச் சார்லி பார்க்கர் குழு பதிவுசெய்தது. அதில் பார்க்கரின் சாக்ஸபோன் 4 பாருக்குத் தனியாகப் பாயும். அந்த முதல் பதிவு முயற்சி முழுதாகத் தேறவில்லை. ஆனாலும் அந்தத் துண்டை எறிய மனமில்லாமல், அதை மட்டும் 'ஃபேமஸ் ஆல்டோ பிரேக்' என்ற பெயரில் பிறகு வெளியிட்டார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். மற்ற கருவிகள் ஒலிக்கவில்லை, ஆனால் தாளம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஐந்தாவது பாரின் முதல் தட்டில் எல்லோரும் பிசகாமல் வந்து சேர வேண்டும். கச்சேரியில் கையால் தாளம் போட்டுப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒலி விலகினாலும் கணக்கு விலகாது. நிறுத்தம் என்று சொன்னால் அந்தக் கணக்கே காணாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, இசை தெரிந்தவர்கள் சொல்லும் 'தனி ஆவர்த்தனம்'. இதைச் சொல்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, காதால் தேடியிருக்கிறார்கள். ஆனாலும் பொருந்தாது. தனி என்பது மிருதங்கக்காரர் தன் வித்தை முழுவதையும் விரித்துக் காட்டும் நேரம். கோர்வை, மோரா என்று ஏறிக்கொண்டே போகும். பிரேக்கில் டிரம்ஸ்காரர் எதையும் விரிப்பதில்லை, போய்க்கொண்டிருந்ததை அப்படியே போகவிடுகிறார். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டு 1969இல் பதிவாகி 1970இல் வந்தது. பாட்டின் நடுவே பிரவுன் டிரம்ஸ்காரர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டைப் பார்த்து, தனி வாசிக்க வேண்டாம், இப்போது வைத்திருப்பதையே பிடித்துக்கொள் என்று சொல்வது பதிவிலேயே கேட்கிறது. ஹிப் ஹாப்பில் மிக அதிகம் எடுத்தாளப்பட்ட பிரேக்குகளில் ஒன்று பிறக்கும்போதே "தனி வேண்டாம்" என்ற கட்டளையோடுதான் பிறந்தது. அதற்கு நாம் தனி ஆவர்த்தனம் என்று பெயர் வைக்கலாமா?

'இடையிசை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலினும் புல்லாங்குழலும் நிரப்பும் இசை. பிரேக்கில் எல்லாம் காலியாகிறது. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் என்ன சொல்வது? என் பரிந்துரை 'விடுதாளம்'.

இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. "காலம் கரந்த பெயரெச்சம்" என்று நன்னூல் சொல்கிற தொகை. விட்ட தாளம், விடுகிற தாளம், விடும் தாளம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. 'விடு' என்ற வினைக்கு 2 முகம் உண்டு. கன்றை அவிழ்த்துவிட்டான் என்றால் கட்டிலிருந்து விடுவித்தான். வேலையை விட்டான் என்றால் கைவிட்டான். ஹெர்க்கின் பிரேக்கில் மற்ற எல்லாம் ஒதுங்கித் தாளத்தை அவிழ்த்துவிடுகின்றன. பார்க்கரின் பிரேக்கில் தாளக் கருவிகள் வாசிப்பதை விட்டுவிட்டு ஒதுங்குகின்றன. ஹிப் ஹாப்புக்கும் ஜாஸுக்கும் அகராதியில் ஒரே சொல்லாக இருந்து காதில் வேறுவேறாகக் கேட்பதை, இந்த ஒரு வினை இரண்டு பக்கமும் தாங்குகிறது. முன்பு சொன்ன 'அவிழ்த்துவிட்ட மாதிரி' ஆட்டமும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

ஆட்டத்தின் பெயரை மட்டும் நான் மொழிபெயர்க்க மாட்டேன். தூய தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். பரதநாட்டியத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, ஜாஸையும் மொழிபெயர்ப்பதில்லை. பி-பாய், பி-கேர்ள், பிரேக்கிங் ஆகியவை அந்தப் பிள்ளைகளே ஏற்றுக்கொண்ட பெயர்கள், அவை அப்படியே இருக்கட்டும். விளக்கம் வேண்டிய இடத்தில் 'விடுதாளத்துக்கு ஆடும் ஆட்டம்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் என் குறை இதுதான்: இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த இசையைக் கேட்பதில்லை. 'சாம்ப்ளிங்' என்பதை 'மாதிரி எடுத்தல்' என்று எழுதுகிறார்கள், இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதுபோல. ஹிப் ஹாப்பில் யாரும் மாதிரி எடுப்பதில்லை. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதிதில் தைக்கிறார்கள். 'வெட்டியெடுப்பு' என்று சொன்னாலே விளங்கிவிடும், யாருடையதை வெட்டினார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். வர வேண்டிய கேள்விதான் அது. வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கிரகரி கோல்மன் வாசித்த விடுதாளம் ஏறக்குறைய 7 வினாடிதான். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது வெட்டி ஒட்டப்பட்டது. கோல்மன் 2006இல் இறந்தபோது அவருக்கு இருக்க ஒரு வீடு இல்லை. 'மாதிரி' என்ற சொல்லுக்குள் இந்த மனிதர் எங்கே தெரிகிறார்?

அந்த ஆவணப்படத்தின் வரியை இப்போது எழுதிப் பார்க்கிறேன். "விடுதாளம் வந்ததும் பையன்கள் நடுவே இறங்கிவிடுவார்கள்." துணைவரிக்கு அளவாகவும் இருக்கிறது.